சைக்கிள் உடம்புக்குப் பொருந்தாம பட்ட பாடு: உங்க அனுபவம்?

மேட்டுச்சவாரி:
மூட்டு வலிக்கு எத்தனை தைலம் தேய்ச்சேன்னு கணக்கே இல்ல. முட்டிச்சில்லுக்கு முன்னாடி வலி, மேடு ஏறினா உயிர் போகும். கடைசியில ஃபிட்டிங் (சைக்கிளை உடம்புக்கு ஏத்த மாதிரி அமைக்கிறது) பண்ற ஒருத்தர்கிட்ட போனேன். அளவெல்லாம் எடுத்தாரு, அதை விடுங்க. சைக்கிளை டிரெய்னர்ல, அதாவது நின்ன இடத்துலயே ஓட்டுற ஸ்டாண்டுல மாட்டி, ஓட்டச் சொல்லி, முன்னாடி நின்னு வீடியோ எடுத்துக் காட்டினாரு பாருங்க, அங்கதான் வெக்கமாப் போச்சு. வலது முட்டி ஒவ்வொரு சுத்துக்கும் வெளியே போய் அரைவட்டம் போட்டுட்டு வருது. "சீட் இவ்வளவு கீழ இருந்தா முட்டி எங்க சார் போகும்?" ரெண்டு காலும் தரையில ஊணணும்னு நான்தான் இறக்கி வெச்சிருந்தேன். 32 மி.மீ. ஏத்தினாரு. வலி போச்சு. அந்த வீடியோதான் கண்ணை விட்டுப் போகல. நாலு வருஷமா அப்படியா ஓட்டினேன்?

சுண்டுவிரல்:
எனக்கு முட்டி இல்ல, கை. 100 கி.மீ. முடிச்சு வாசல்ல நிக்கிறேன், பூட்டுல சாவி திரும்பல. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரக்கட்டை. பக்கத்து வீட்டுப் பையன் திறந்துவிட்டான். உள்ளங்கை ஓரமாப் போற நரம்பு நசுங்குதாம். எல்லாரும் ஸ்டெம்மை (ஹேண்டிலைச் சைக்கிளோட சேர்த்துப் பிடிக்கிற துண்டு) மாத்துன்னாங்க. கடைசியில பார்த்தா சீட்டு மூக்கு கீழ சாஞ்சிருக்கு. நான் வழுக்கி வழுக்கி முன்னாடி வர, பாரம் மொத்தமும் கையில. மட்டமாக்கினேன், சரியாச்சு.

பழைய கிராங்க்:
மேட்டுச்சவாரி, ஒரேயடியா 32 ஏத்தினது தப்பு. நானும் கவட்டையிலேருந்து தரை வரைக்குமான காலளவை 0.883-ஆல பெருக்கி, வந்த உயரத்துக்குச் சீட்டை ஒரே நாள்ல ஏத்தினேன், முட்டிக்குப் பின்னாடி பிடிச்சுக்கிச்சு. ஷூ தடிமன், கிராங்க் (பெடல் மாட்டுற தண்டு) நீளம் எதுவும் அந்தக் கணக்குல இல்ல. ஷூவோட குதிகாலை பெடல்ல வெச்சுப் பின்னோக்கிச் சுத்துங்க. பெடல் அடியில வரும்போது கால் நேரா நிக்கணும், இடுப்பு ஆடக்கூடாது. அப்புறம் பாதத்தோட முன்பக்கத்தை வெச்சா முட்டி தானா 25-லேருந்து 35 டிகிரி மடங்கும். அப்புறம் மாத்தறதா இருந்தா ஒரு தடவைக்கு 3, 4 மி.மீ.யாத்தான் மாத்தணும். சீட்டை ஏத்தினா அது கொஞ்சம் பின்னாடியும் போகும், ஏன்னா ஃபிரேம் குழாயே சாய்வு. அப்ப ஹேண்டில் எட்டாது, இடுப்பு பிடிக்கும், ஸ்டெம்மைப் பார்க்கணும். சீட் போஸ்ட்டுல (சீட்டைத் தாங்குற குழாய்) டேப் ஒட்டி அடையாளம் வைங்க.

மேட்டுச்சவாரி:
வலி போச்சுன்னுதானே எழுதியிருக்கேன்?

ஒத்தக்கால்:
பழைய கிராங்க் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. ஆனா ரெண்டு காலும் ஒரே நீளம்னு வெச்சுக்கிட்டுச் சொல்றாரு. எனக்கு இடது கால் 8 மி.மீ. குட்டை. எந்த உயரம் வெச்சாலும் ஒரு பக்கம் தொடை உரசிப் புண்ணாகும். க்ளீட்டுக்கு (ஷூ அடியில பெடலோட மாட்டுற துண்டு) அடியில பட்டை வெச்சப்புறம்தான் நேரா உக்கார்ந்தேன். பெல்ஜியம் சைக்கிள் வீரர் எட்டி மெர்க்ஸ் 1969-ல விழுந்து இடுப்பு அடிபட்டப்புறம், ஓட்டிக்கிட்டே திருகுச்சாவி போட்டு சீட்டை மாத்துவாராம். எனக்கு அது கிறுக்காத் தெரியல.

புதுசு:
டேப் விஷயத்தை முன்னாடியே யாராவது சொல்லியிருக்கலாம். ஃபிட்டிங் முடிஞ்ச மறுநாள் தம்பி கடைக்கு எடுத்துட்டுப் போய் சீட்டை இறக்கிட்டான். எங்க இருந்துச்சுன்னு இன்னும் தேடிக்கிட்டிருக்கேன்.