ஓய்வூதிய நிதியில் குவான்ட் (கணக்கும் புள்ளியியலும் வைத்து முதலீட்டு ஆய்வு) இன்டர்ன்ஷிப்: எந்த புராஜெக்டைக் காட்டலாம்?

காட்பாடி_மாணவன்:
எம்.எஸ்சி. புள்ளியியல், வேலூர். பைத்தான், ரிக்ரஷன் தெரியும். எல்.எஸ்.டி.எம். (ஒரு வகை நியூரல் நெட்வொர்க்) வைத்துப் பங்கு விலையைக் கணிக்கிற புராஜெக்ட் கைவசம் இருக்கு. அது போதுமா அண்ணா?

சத்துவாச்சாரி:
அதை வைக்காதீங்க தம்பி. நேற்றைய விலையை ஒரு நாள் தள்ளி வரைஞ்சாலே அந்த கிராஃப் பொருந்திடும். நேர்காணல் எடுக்கிறவங்களுக்கு இது பழைய கதை. அதுக்குப் பதிலா மொமென்டம் (ஏறின பங்கு தொடர்ந்து ஏறுமாங்கிற உத்தி) பேக்டெஸ்ட், அதாவது பழைய விலைகளை வைத்துச் சோதனை, பண்ணுங்க: கடைசி மாதத்தை விட்டுட்டு, அதுக்கு முந்தைய 11 மாத வருமானத்தை வைத்துப் பங்குகளை ஐந்து குழுவாப் பிரிச்சு, அடுத்த மாதம் என்ன ஆச்சுன்னு பாருங்க.

கவுக்கிறது டேட்டாதான். என்.எஸ்.இ. பவ்காப்பியில் (பங்குச் சந்தை தினமும் வெளியிடும் விலைப் பட்டியல்) ஸ்பிளிட் (ஒரு பங்கைப் பலதாப் பிரிக்கிறது), போனஸ் (இலவசப் பங்கு) சரிசெய்திருக்காது. 1:1 போனஸ் 50% நஷ்டமாத் தெரியும். இன்றைய நிஃப்டி 50 பட்டியலையே பழைய வருஷங்களுக்கும் ஓட்டினா, 2020 மார்ச்சில் வெளியேறின யெஸ் பேங்க் கணக்கிலேயே வராது, லாபம் பொய்யா வீங்கும். கம்பெனிகளின் லாப எண்களையும் சேர்த்தா, ஜூன் காலாண்டு முடிவு வெளியிட 45 நாள், மார்ச் முடிவுக்கு 60 நாள் அவகாசம் உண்டு. ஜூலை 1-லேயே அந்த எண் இருந்ததா வைக்கக் கூடாது.

ராணிப்பேட்டை_குவான்ட்:
செலவையும் கழிங்க. டெலிவரிக்கு எஸ்.டி.டி. (பங்குப் பரிவர்த்தனை வரி) வாங்கும்போது 0.1%, விற்கும்போது 0.1%. பெரிய நிதி அவசரமா வாங்கினா விலையே நகரும், அதனால டர்ன்ஓவரை (எவ்வளவு பங்கை மாத்தி வாங்கி விற்கிறீங்கங்கிற அளவு) தனியாக் காட்டுங்க.

பலர் மறக்கிறது பொறுப்புப் பக்கம், அதாவது நிதி பின்னாடி கொடுக்க வேண்டிய பணம். கொடுக்க வேண்டிய ஓய்வூதியத்தின் டியூரேஷன் (வட்டி மாறினா மதிப்பு எவ்வளவு மாறும்னு காட்டும் அளவு) 15 ஆண்டுன்னா, வட்டி 1% இறங்கினா பொறுப்பின் இன்றைய மதிப்பு சுமார் 15% ஏறும். இதை ஒரு பக்கம் எழுதிச் சேர்த்தா, ஷார்ப் விகிதத்தை (ரிஸ்க்குக்கு ஏற்ற லாப அளவு) விட அதைத்தான் கேட்பாங்க.

காட்பாடி_மாணவன்:
பவ்காப்பியிலிருந்தே ஆரம்பிக்கிறேன், நன்றிங்க.