பங்கில் பாதுகாப்புக் குழு: புகார் வந்தால் முதலில் யாரிடம் செல்வது?

கேள்வி: பங்குப் பேரவைச் செயலர்

அனைவருக்கும் வணக்கம். இயேசுவுக்கே புகழ்.

எங்கள் கத்தோலிக்கப் பங்கு (ஒரு கோயிலைச் சார்ந்த இறைமக்கள் சமூகம்) தென் மாவட்டம் ஒன்றில் உள்ளது. கோயிலை ஒட்டி ஒரு மேல்நிலைப் பள்ளியும் மாணவியர் விடுதியும் அருட்சகோதரிகள் நடத்தும் முதியோர் இல்லமும் இருக்கின்றன. சிறாரையும், தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாத நிலையில் உள்ள பெரியவர்களையும் பாதுகாப்பதற்கென ஒரு குழு அமைக்குமாறு ஆயர் இல்லத்திலிருந்து சுற்றறிக்கை வந்திருக்கிறது. அதைப் பேரவைக் கூட்டத்தில் வாசித்தபோது, புகார் எது வந்தாலும் முதலில் பங்குத்தந்தையிடம் சொல்ல வேண்டும் என்றும், குழு விசாரித்து உண்மை என்று உறுதியான பிறகே காவல் நிலையம் செல்ல வேண்டும் என்றும் பெரும்பாலானோர் கருத்துச் சொன்னார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆனாலும் மறுத்துச் சொல்லும் அளவுக்குச் சட்ட அறிவு எனக்கு இல்லை.

ஒரு பிள்ளை மறைக்கல்வி ஆசிரியரிடம் ஏதேனும் சொன்னால் அவர் செய்ய வேண்டியது என்ன? குழு விசாரணை நடத்தலாமா? முதியோரும் மனநலம் பாதிக்கப்பட்டோரும் இதற்குள் எப்படி வருகிறார்கள்? விவரம் அறிந்தவர்கள் தயவுசெய்து விளக்குங்கள்.

பதில் 1: வழக்குரைஞர், திருநெல்வேலி

உங்களுக்குத் தோன்றியதுதான் சரி. சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க இயற்றப்பட்ட 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, 18 வயது நிறையாத ஒருவருக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்திருப்பதை அறிந்தவர் மட்டுமல்லாமல், நடக்கக்கூடும் என்று அஞ்சுபவரும் உள்ளூர்க் காவல் நிலையத்திலோ சிறப்பு இளஞ்சிறார் காவல் பிரிவிலோ தகவல் தெரிவிக்க வேண்டும் என்கிறது. உண்மையா பொய்யா என்று ஆராய்ந்துவிட்டு வாருங்கள் என்று அது யாரையும் கேட்கவில்லை. ஆராய்வது காவல்துறையின் வேலை. தகவல் தராமல் இருப்பவருக்கு 6 மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். தமக்குக் கீழே பணிபுரியும் ஒருவர் செய்த குற்றத்தை நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் மறைத்தால் அது ஓராண்டு வரை சிறையும் அபராதமும் ஆகிறது. பள்ளித் தாளாளர், தலைமையாசிரியர், விடுதிக் காப்பாளர் ஆகியோர் இந்த வரியைக் கவனமாக வாசிக்க வேண்டும். நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர்மீது வழக்குத் தொடர முடியாது என்றும் அதே 19ஆம் பிரிவு சொல்கிறது.

ஆகவே மறைக்கல்வி ஆசிரியர் பங்குத்தந்தையிடம் சொல்லலாம், ஆனால் சொல்லிவிட்டதால் அவருடைய கடமை தீர்ந்துவிடாது. குற்றம் சுமத்தப்பட்டவரே பங்குத்தந்தை என்றால் அவரிடம் சொல்லவே கூடாது. 1098 என்ற எண்ணில் குழந்தைகள் உதவி மையத்தை எந்த நேரத்திலும் அழைக்கலாம். பள்ளி தொடர்பானது என்றால் பள்ளிக் கல்வித்துறையின் 14417 என்ற எண்ணும் உண்டு.

குழு விசாரணை வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்வதற்குச் சட்டத்தைத் தாண்டியும் காரணம் இருக்கிறது. பேரவை உறுப்பினர் ஐந்து பேர் மேசைக்கு அந்தப் பக்கம் அமர்ந்து ஒரு சிறுமியிடம் நடந்ததைத் திரும்பத் திரும்பக் கேட்டால், அவள் மிரண்டு பின்வாங்குவாள்; அல்லது ஒவ்வொரு முறையும் சற்று மாற்றிச் சொல்வாள், அந்த மாற்றங்களே பிறகு நீதிமன்றத்தில் அவளுக்கு எதிராக எடுத்துக்காட்டப்படும். பிள்ளையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத காவல் அதிகாரி, இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் வகுத்திருப்பதும் இதனால்தான். ஆசிரியர் செய்ய வேண்டியது, பிள்ளை சொன்னதைக் குறுக்கிடாமல் கேட்டு, அதன் சொற்களிலேயே தேதியிட்டு எழுதி வைத்துக்கொள்வது. "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கக் கூடாது, ஏனெனில் அந்த வாக்கைக் காப்பாற்ற முடியாது. பிள்ளையின் பெயரையும் ஊரையும் வாட்ஸ்அப் குழுவில் போடுவது தனிக் குற்றம்.

பதில் 2: ஓய்வு பெற்ற தலைமையாசிரியை

ஐயா சட்டத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். புகார் எழும் நிலையே வராமல் பார்த்துக்கொள்வதுதான் குழுவின் அன்றாட வேலை என்பதால் நான் அதைப் பற்றி எழுதுகிறேன்.

குழுவினர் ஒருநாள் மாலை கோயில் வளாகத்தை ஒரு பிள்ளையின் கண்ணோடு சுற்றி வரட்டும். பீடச்சிறுவர்கள் உடை மாற்றும் சக்கரீஸ்து அறையின் கதவு உள்ளே தாழிடப்படுகிறதா? விடுதியின் இரவுச் சாவி யாரிடம் இருக்கிறது? திருவிழா நாட்களில் மைதானத்தின் மறுகோடியில் போடப்படும் கழிப்பறைக்கு விளக்கு உண்டா? கிறிஸ்துமஸ் நாடக ஒத்திகை இரவு ஒன்பதரை மணிக்கு முடிகிறது; பெற்றோர் வந்து பிள்ளைகளை அழைத்துப் போகிறார்கள்; அழைத்துப் போக ஆள் வராமல் நிற்கும் ஒரே ஒரு சிறுவனை இளைஞர் இயக்கத்து அண்ணன் ஒருவர் பைக்கில் கொண்டுபோய் விடுகிறார். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் யார் யாரை அழைத்துப் போனார் என்பது எவருக்கும் தெரியாத அந்த அரைமணி நேரத்தைத்தான் தீயவன் தேடிக் காத்திருப்பான். ஒத்திகையை ஏழரை மணிக்கு முடிப்பதும், கடைசிப் பிள்ளை போகும்வரை பெரியவர்கள் இருவர் இருப்பதும் யாருக்கும் அவமானம் தரும் ஏற்பாடுகள் அல்ல.

வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் போகும்போதும் தியான முகாம்களிலும் தங்குமிடம் தனித்தனியாக இருக்க வேண்டும். பிள்ளைகளுக்குத் தனியாகக் குறுஞ்செய்தி அனுப்புவதை முற்றிலும் நிறுத்திவிட்டு, பெற்றோரும் இருக்கும் குழுவிலேயே அறிவிப்புகளைப் போடுங்கள். பள்ளியில் 2021 முதல் அரசு கேட்கும் மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு பெயரளவில் மட்டும் இருக்கிறதா, உண்மையில் கூடுகிறதா என்றும் பாருங்கள்.

பதில் 3: அன்பியப் (பங்கின் சிறு குழு) பொறுப்பாளர்

எதிர்ப்பதாக எண்ண வேண்டாம். நாற்பது ஆண்டுகள் ஒரு கறையும் இல்லாமல் பணி செய்த குருக்களை நான் அறிவேன். இப்போது பிள்ளையின் தலையில் கை வைத்து ஆசீர் வழங்கவே அவர்கள் தயங்குகிறார்கள். நிலத் தகராறிலும் திருவிழாக் கணக்குத் தகராறிலும் ஒருவரைப் பழிவாங்கப் பொய்ப் புகார் கொடுத்தால் அவருடைய பெயரை யார் மீட்டுத் தருவார்கள்? மேலும், ஒப்புரவு அருட்சாதனத்தில் (பாவசங்கீர்த்தனத்தில்) கேட்டதையும் குரு காவல்துறைக்குச் சொல்ல வேண்டுமா?

பதில் 4: அருட்சகோதரி, மனநல ஆற்றுப்படுத்துநர்

ஐயா, உங்கள் கவலை நியாயமானது. பிறரை இழிவுபடுத்தவோ மிரட்டவோ வேண்டுமென்றே பொய்ப் புகார் தரும் பெரியவருக்குப் போக்சோவின் 22ஆம் பிரிவில் தண்டனை உண்டு. எனினும் பொய்யாக இருக்குமோ என்று நாமே தடுத்து வைப்பதால் குற்றமற்ற குருவுக்கும் நன்மை இல்லை. முறையான விசாரணை நடந்து விடுவிக்கப்பட்டால்தான் அவர் தலைநிமிர்ந்து பீடத்தில் நிற்க முடியும். விசாரணை முடியும்வரை அவரைப் பிள்ளைகளோடு பழகும் பணியிலிருந்து விலக்கி வைப்பது தீர்ப்பு ஆகாது.

பொத்தி வைத்தால் என்ன ஆகும் என்பதற்குக் கேரளத்தின் கொட்டியூர் சான்றாக இருக்கிறது. பங்குத்தந்தையும் பள்ளி மேலாளருமான ஒருவரால் சிறுமி ஒருத்தி தாயானாள். தொடக்கத்தில் அவளுடைய தந்தையே பழியைத் தன்மேல் ஏற்றுக்கொண்டார். பெற்ற தகப்பனே அப்படிச் சொல்லும் அளவுக்கு ஒரு குடும்பத்தின் மேல் கோயிலின் பாரம் இருந்திருக்கிறது என்பதை என்னால் இன்றும் தாங்கிக்கொள்ள முடியவில்லை. 2019 பிப்ரவரியில் தலச்சேரி நீதிமன்றம் அந்தக் குருவுக்கு 20 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. உயர் நீதிமன்றம் பின்னர் அதைக் குறைத்தாலும் குற்றத் தீர்ப்பு நிலைத்தது.

திரு அவையின் சட்டமும் மூடி மறைக்கச் சொல்லவில்லை. திருத்தந்தை பிரான்சிஸ் 2019 மே மாதம் வெளியிட்டு 2023இல் திருத்தி நிலைப்படுத்திய 'வோஸ் எஸ்திஸ் லூக்ஸ் முந்தி' (நீங்கள் உலகின் ஒளி) என்னும் மடல், அறிந்ததை ஆயரிடம் தெரிவிப்பதைக் குருக்களுக்கும் துறவியருக்கும் கடமையாக்குகிறது. புகார் கொடுத்தவரை வாய்மூடி இருக்கும்படி கட்டுப்படுத்தக் கூடாது என்கிறது. நாட்டுச் சட்டத்தின்படி தகவல் தரும் கடமை அப்படியே நீடிக்கிறது என்றும் சொல்கிறது. இவ்வழக்குகளுக்கு இருந்த திருப்பீட இரகசியக் காப்பும் 2019 டிசம்பரில் நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே ஆயர் இல்லத்துக்குச் சொல்வதும் காவல்துறைக்குச் சொல்வதும் தனித்தனிக் கடமைகள்.

ஒப்புரவு அருட்சாதன முத்திரையை, அதாவது அங்கே கேட்டதை வெளியே சொல்லாத கடமையை, மீறக் கூடாது என்பது திரு அவைச் சட்டத்தின் 983ஆம் விதி. போக்சோவோ அதற்கென விலக்கு எதுவும் எழுதவில்லை. குரு பாவசங்கீர்த்தனத்துக்கு வெளியே, அலுவலகத்திலோ ஆலோசனையிலோ கேட்டதற்கு அந்த முத்திரை பொருந்தாது என்பதில் மட்டும் குழப்பமே வேண்டாம்.

இனி பெரியவர்கள். உடல் நலிவாலோ மனக் குறைபாட்டாலோ, சுதந்திரம் பறிக்கப்பட்டதாலோ மறுக்கவும் தடுக்கவும் இயலாதவரை, அந்த நிலை அவ்வப்போது மட்டுமே நேர்ந்தாலும்கூட, மேலே சொன்ன திருத்தந்தையின் மடல் தன் காப்புக்குள் சேர்க்கிறது. நம் ஊர்களில் யார் அவர்கள்? படுக்கையில் கிடந்து வீட்டில் நற்கருணை பெறும் பாட்டி; புனித அந்தோணியார் திருத்தலத்துக்குச் சுகம் வேண்டி அழைத்து வரப்பட்டு அங்கேயே நாட்கணக்கில் தங்கவைக்கப்படும் மனநோயாளி; முதியோர் இல்லத்தில் கைரேகை வைக்கச் சொன்னால் எதற்கென்று கேட்காமல் வைத்துவிடும் தாத்தா. பாலியல் கொடுமை மட்டுமல்லாமல் பணத்தையும் சொத்தையும் எழுதி வாங்குவது, அடிப்பது, கட்டி வைப்பது, மருந்தை நிறுத்துவது ஆகியவற்றையும் குழு கவனிக்க வேண்டும். வீடுகளைச் சந்திக்கச் செல்லும் மரியாயின் சேனை என்னும் பக்த சபையினர் இருவராகவே செல்லட்டும். மாற்றுத்திறனாளி ஒருவர் கொடுமைக்கு ஆளாவதாகத் தெரிந்தால், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி எவரும் நிர்வாக நடுவரிடம் தகவல் தரலாம். முதியோருக்கு 14567 என்ற உதவி எண் இருக்கிறது.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. வரும் கூட்டத்தில் 19ஆம் பிரிவை வாசித்துக் காட்டி, குழு விசாரிக்கும் என்ற வரியைத் தீர்மானத்திலிருந்து நீக்கக் கேட்கப் போகிறேன். சிஸ்டர், குழுவில் யார் யாரைச் சேர்ப்பது என்பதையும் சொல்ல முடியுமா?

அருட்சகோதரி

பங்குத்தந்தையின் கீழ்ச் சம்பளம் வாங்குபவர்கள் பெரும்பான்மையாக இருக்க வேண்டாம். பெண்கள் பாதிக்கு மேல் இருக்கட்டும். ஒரு மருத்துவரோ செவிலியரோ, ஒரு வழக்குரைஞர், முடிந்தால் பங்கைச் சாராத ஒருவர். விடுதி மாணவியர் யாரிடம் மனம்விட்டுப் பேசுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் சமையற்கார அக்காவின் பெயரைத்தான் சொல்வார்கள். அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.