டிசையர் டிக்கியில் ஆம்ப்ளிஃபயர்: ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஏறும் விசில் ஒலி

ஈரோட்டு டிசையர்:
அனைவருக்கும் வணக்கம். என்னுடையது 2018ஆம் ஆண்டின் மாருதி டிசையர் பெட்ரோல் வண்டி. கம்பெனி ஸ்டீரியோவை மாற்றாமல், டிக்கியில் நான்கு சேனல் ஆம்ப்ளிஃபயர் ஒன்றையும் 10 அங்குல சப்ஊஃபர் பெட்டியையும் உள்ளூர் கார் டெக்கரேஷன் கடையில் அண்மையில் பொருத்தினேன். இரண்டு சேனல்கள் முன்கதவு ஸ்பீக்கர்களுக்கும், பிரிட்ஜ் செய்த (ஒன்றாக இணைத்த) மற்ற இரண்டும் சப்ஊஃபருக்கும் போகின்றன. ஸ்டீரியோவில் ஆர்.சி.ஏ. வெளியீடு (ஆம்ப்ளிஃபயருக்கு மெல்லிய சிக்னல் தரும் சாக்கெட்) இல்லாததால், ஸ்பீக்கர் வயரின் வலுவான சிக்னலை அந்த அளவுக்குக் குறைக்கும் ஒரு ஹை-லோ கன்வர்ட்டர் வழியாக சிக்னல் எடுத்திருக்கிறார்கள்.

எஞ்சின் அணைந்திருக்கும்போது பாட்டு துல்லியமாகக் கேட்கிறது. ஸ்டார்ட் செய்ததும் மெல்லிய விசில் ஒலி எழுகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அதுவும் கூடவே ஏறுகிறது. வால்யூமை முழுவதும் குறைத்தாலும் அது குறைவதில்லை. கதவு ஸ்பீக்கர்களில் மட்டுமே கேட்கிறது, சப்ஊஃபரில் இல்லை. கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் (சிக்னல் கேபிளில் நுழையும் இரைச்சலைத் தடுக்கும் சிறு கருவி) போட்டால் சரியாகிவிடும் என்று கடைக்காரர் சொல்கிறார். வாங்கலாமா, அல்லது வேறு எங்காவது பார்க்க வேண்டுமா?

வயரிங் பட்டறை:
வணக்கம் தம்பி. ஐசொலேட்டரை இப்போதைக்கு வாங்க வேண்டாம். அதற்குள் இருப்பது ஒரு சிறிய டிரான்ஸ்ஃபார்மர்; மலிவானவை அடிப்பாஸை விழுங்கிவிடும், சத்தத்தின் காரணமோ வண்டிக்குள் அப்படியே இருக்கும்.

ஆல்டர்னேட்டர் உண்டாக்குவது மூன்று கட்ட மாறுமின்சாரம். டயோடுகள் அதை நேர்மின்சாரமாக மாற்றினாலும் சிறு அலைவு ஒன்று எஞ்சி நிற்கும், எஞ்சின் வேகம் கூடக் கூட அந்த அலைவின் அதிர்வெண்ணும் கூடும். நீங்கள் கேட்பது அதைத்தான். சப்ஊஃபரில் கேட்காததற்குக் காரணம், அந்தச் சேனலின் லோ-பாஸ் ஃபில்டர் 80 ஹெர்ட்ஸ் அளவுக்கு மேற்பட்டவற்றைத் தடுத்துவிடுவதுதான். வால்யூமைக் குறைத்தும் சத்தம் குறையவில்லை என்றால், அது ஸ்டீரியோவின் வால்யூம் கட்டுப்பாட்டைத் தாண்டிய இடத்தில்தான் புகுகிறது. ஆகவே கன்வர்ட்டர், ஆர்.சி.ஏ. கேபிள், ஆம்ப்ளிஃபயரின் எர்த் (வண்டியின் பாடியோடு சேரும் நெகட்டிவ் இணைப்பு) ஆகிய மூன்றை மட்டும் பார்த்தால் போதும்.

ஸ்டீரியோவுக்கு டேஷ்போர்டில் ஓர் எர்த், ஆம்ப்ளிஃபயருக்கு டிக்கியில் ஓர் எர்த். டிக்கி எர்த் பலவீனமாக இருந்தால் இரண்டுக்கும் இடையே வோல்ட் வேறுபாடு தோன்றி, அது ஆர்.சி.ஏ. கேபிளின் வெளிப்பின்னல் வழியாக ஆம்ப்ளிஃபயருக்குள் நுழைந்துவிடும். மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, பாட்டைச் சத்தமாக ஓடவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் ஆம்ப்ளிஃபயரின் எர்த் முனைக்கும் இடையே அளந்து பாருங்கள். நீளமான வயர் ஒன்று தேவைப்படும். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. எர்த் வயர் எங்கே முறுக்கப்பட்டிருக்கிறது என்பதையும், பேட்டரிக்கு அருகில் ஃபியூஸ் இருக்கிறதா என்பதையும் பார்த்துச் சொல்லுங்கள்.

ஈரோட்டு டிசையர்:
மிக்க நன்றி அண்ணா. அளந்ததில் 0.4 வோல்ட் காட்டியது. எர்த் வயரைப் பின்சீட் போல்ட் ஒன்றின் அடியில் பெயிண்டைச் சுரண்டாமலேயே முறுக்கியிருக்கிறார்கள். கதவடி பிளாஸ்டிக்கைக் கழற்றியபோது, பேட்டரியிலிருந்து வரும் சிவப்பு வயரும் ஆர்.சி.ஏ. கேபிளும் ஒரே டேப்பில் சுற்றப்பட்டு டிக்கி வரை ஒன்றாகச் செல்வதைப் பார்த்தேன். ஃபியூஸ் ஆம்ப்ளிஃபயரில் மட்டுமே உள்ளது. பேட்டரிப் பக்கம் எதுவும் இல்லை.

மதுரை ஒலிப்பிரியன்:
நண்பரே, விசில் ஒலியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்; முதலில் பேட்டரி முனையிலிருந்து அந்தச் சிவப்பு வயரைக் கழற்றிவிடுங்கள். ஆம்ப்ளிஃபயரில் உள்ள ஃபியூஸ் ஆம்ப்ளிஃபயரை மட்டுமே காக்கும், வயரைக் காக்காது. எஞ்சின் அறைத் தகட்டைத் துளைத்து வரும் இடத்தில் வயரின் உறை உராய்ந்து பாடியில் பட்டால், பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை அதில் கொட்டும். செம்பு பழுத்து, கார்ப்பெட் தீப்பற்றும். பேட்டரி முனையிலிருந்து 45 செ.மீ. தூரத்துக்குள் ஃபியூஸ் ஹோல்டர் கட்டாயம் இருக்க வேண்டும், துளையில் ரப்பர் குரோமெட்டும் (வயர் உராயாமல் காக்கும் வளையம்) இருக்க வேண்டும். இவற்றுக்கு ஆகும் செலவு, நீங்கள் சப்ஊஃபருக்குக் கொடுத்ததோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம்.

வயரின் தடிமனையும் பாருங்கள். மலிவான கிட்டுகளில் உறை தடித்து உள்ளே உலோகம் மெலிந்திருக்கும். அதுவும் பெரும்பாலும் செம்பு பூசிய அலுமினியம்தான். உச்ச ஒலியில் 45 ஆம்பியர் இழுக்கிறது, வயர் 5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 8 கேஜ் (எண் குறையக் குறைய வயர் தடிக்கும்) அலுமினிய வயரில் ஏறத்தாழ முக்கால் வோல்ட் வழியிலேயே வீணாகிறது. 4 கேஜ் முழுச்செம்பில், அதாவது 21 சதுர மி.மீ. வயரில், 0.2 வோல்ட்டுக்கும் குறைவுதான். எர்த் வயரும் அதே தடிமனில் அரை மீட்டருக்குள் இருக்கட்டும்.

எர்த்துக்காக டிக்கித் தரையில் துளையிட வேண்டாம். அடியில் பெட்ரோல் டேங்கும் பிரேக் குழாய்களும் போகலாம். சீட் பெல்ட் போல்ட்டையும் தொட வேண்டாம். பாடியில் ஏற்கெனவே உள்ள வேறொரு போல்ட்டின் அடியில் பெயிண்டை வெள்ளைத் தகடு தெரியும்வரை சுரண்டி, ரிங் டெர்மினல் வைத்து முறுக்கி, மேலே துரு பிடிக்காமல் கிரீஸ் தடவுங்கள். கேபிளை மாற்றும்போது கதவடியில் மஞ்சள் கப்ளர்கள் தெரிந்தால், அவை ஏர்பேக் அல்லது மோதலின்போது சீட் பெல்ட்டை இறுக்கும் பிரீடென்ஷனருக்கானவை, அவற்றை அசைக்கக்கூடாது.

ஈரோட்டு டிசையர்:
வேறொரு எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து, பேட்டரி அருகே 60 ஆம்பியர் ஃபியூஸும் 4 கேஜ் செம்பு வயரும் போட்டாயிற்று. எர்த்தைச் சுரண்டிய தகட்டில் முறுக்கி, ஆர்.சி.ஏ. கேபிளை வண்டியின் மறுபக்கமாகக் கொண்டுபோயிருக்கிறோம். இப்போது மீட்டர் 0.05 வோல்ட் காட்டுகிறது. விசில் ஏறக்குறைய மறைந்துவிட்டது. இரவில் ஹெட்லைட்டும் ஏ.சி.யும் சேர்ந்து ஓடும்போது மட்டும், பாட்டில்லாத நேரத்தில் மெல்லக் கேட்கிறது.

வயரிங் பட்டறை:
மீதியிருப்பதற்குக் காரணம் அந்தக் கன்வர்ட்டராக இருக்கலாம். இன்றைய ஸ்டீரியோக்களில் ஸ்பீக்கருக்குப் போகும் இரு வயர்களிலும் ஏறத்தாழ 6 வோல்ட் நிற்கும்; நெகட்டிவ் என்று குறித்திருப்பதால் அதை எர்த்தோடு சேர்த்துவிடக்கூடாது. சில மலிவான கன்வர்ட்டர்கள் உள்ளுக்குள் அப்படித்தான் சேர்க்கின்றன, அதனால் இரைச்சலும் வரும், ஸ்டீரியோவின் ஐ.சி.யும் கெடலாம். உங்கள் ஆம்ப்ளிஃபயரில் ஹை-லெவல் இன்புட் இருந்தால் கன்வர்ட்டரையே நீக்கிவிட்டு ஸ்பீக்கர் வயரை நேரே அதில் கொடுங்கள். சிக்னல் வலுவாக வருவதால் கெயினை, அதாவது ஆம்ப்ளிஃபயர் சிக்னலைப் பெருக்கும் அளவை, குறைத்து வைக்கலாம். கெயின் குறைந்தால் எஞ்சிய இரைச்சலும் அடங்கும். ஸ்டீரியோவை முக்கால் வால்யூமில் வைத்து, ஒலி கரகரக்கத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் கெயினை நிறுத்துங்கள்.

ஆம்ப்ளிஃபயரை சப்ஊஃபர் பெட்டியின் மேலேயே திருகியிருந்தால் அதையும் மாற்றச் சொல்லுங்கள். அதிர்வில் முனைத் திருகுகள் தளரும். ஒரு பிளைவுட் பலகையில் பொருத்தி, பின்சீட்டின் முதுகுப் பக்கம் காற்றோட்டம் விட்டு நிறுத்தினால் சூடும் தங்காது, அதன் உலோகக்கூடு பாடியிலும் படாது.

ஈரோட்டு டிசையர்:
ஹை-லெவல் இன்புட் இருக்கிறது அண்ணா. கன்வர்ட்டரை எடுத்துவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டுக் கேட்டுப் பார்த்து இங்கேயே எழுதுகிறேன்.