புதுப்பிப்பு: கிளாரண்டன் உதவித்தொகை தங்கைக்குக் கிடைத்துவிட்டது

ஆக்ஸ்ஃபர்டில் வேதியியல் முனைவர் படிப்புக்குக் கிளாரண்டன் உதவித்தொகைப் படிவம் எங்கே கிடைக்கும் என்று மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

ஈப்போ அண்ணன் சொன்னதுதான் சரி: தனிப் படிவமே கிடையாது. படிப்புக்கான விண்ணப்பத்தை டிசம்பர் அல்லது ஜனவரிக் கெடுவுக்குள் அனுப்பினால் தானாகவே பரிசீலிக்கிறார்கள். எந்த நாட்டவரும் தகுதியுடையவர். கல்விக் கட்டணம் முழுவதும், வாழ்க்கைச் செலவும் கிடைக்கும். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய அம்மா கடிதத்தை மூன்று முறை படிக்கச் சொன்னார்.

எதிர்பாராதது விசா வேலை. வேதியியலுக்கு விசாவுக்கு முன்பே பிரிட்டன் அரசின் 'அட்டாஸ்' (ATAS) அனுமதிச் சான்றிதழ் வேண்டும். கட்டணமில்லை, ஆனால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மலேசியர்களுக்குக் காசநோய்ப் பரிசோதனையும் கட்டாயம். அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிலையத்தில்தான் செய்ய வேண்டும். இரண்டையும் உடனே தொடங்கிவிடுங்கள்.