சிஓபிடி உள்ளவருக்குச் சளி பிடித்தால் முற்றுமா என்று முன்பே தெரியுமா?

நுரையீரல் மருத்துவர்கள், செவிலியர்கள், வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்கள் எல்லோரிடமும் ஓர் உதவி. அப்பாவுக்கு சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய்கள் அடைபட்டு மூச்சு வாங்கவைக்கும் நாள்பட்ட நுரையீரல் நோய். சில சளி தானாக அடங்கிவிடுகிறது, சிலது ஐசியூ வரை இழுத்துப்போகிறது. எது முற்றும் என்று ஆரம்பத்திலேயே கணிக்க வழி உண்டா?

முன்பு அடிக்கடி முற்றியவர்களுக்கே மறுபடியும் முற்ற வாய்ப்பு அதிகம் என்று 2010-இல் வெளிவந்த எக்லிப்ஸ் ஆய்வு காட்டியது. சரி, ஆனால் அது ஆளைப் பற்றிச் சொல்கிறது, இப்போது வந்திருக்கும் சளியைப் பற்றி அல்ல. ரத்தத்தில் இயோசினோபில் என்ற வகை வெள்ளை அணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு 300-க்கு மேல் இருந்தால் ஸ்டீராய்டு இன்ஹேலர் நன்றாக வேலை செய்யும் என்கிறார்கள். வைரஸ் தொற்றின் தீவிரத்தையும் அது காட்டுமா?

அப்பாவுக்கு ஆக்சிஜன் எப்போதுமே கொஞ்சம் குறைவுதான். அதனால் அந்த எண்ணை மட்டும் நம்பப் பயமாக இருக்கிறது. மூச்சின் வேகம், பேச்சுத் திணறல், தூக்கக் கலக்கம் இவற்றில் நீங்கள் எதை முதலில் கவனிக்கிறீர்கள்? ஃப்ளூ, ஆர்எஸ்வி (மூச்சுப்பாதையைத் தாக்கும் இன்னொரு வைரஸ்) பரிசோதனையை உடனே எடுப்பது உதவுமா?