மொகாடிஷுவில் எங்கள் ஆட்களும் இருந்தார்கள்

அமெரிக்கப் போர்ப் படங்கள் பற்றிப் பேச ஆரம்பித்தால் எல்லோரும் வியட்நாமுக்குத்தான் போவார்கள். எனக்கு அது எப்போதும் சோமாலியாவில் வந்துதான் நிற்கும். நான் மலேசியாக்காரன். ‘பிளாக் ஹாக் டவுன்’ படம் காட்டுகிற, சோமாலியத் தலைநகர் மொகாடிஷுவில் நடந்த சண்டையில் எங்கள் நாட்டு ராணுவமும் இருந்தது, ஒருவர் உயிரையும் விட்டார், ஆனால் படத்தில் எங்கள் ஆட்களுக்கு முகமே கிடையாது.

முதலில் பார்த்தது பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய விசிடியில். அப்போது எனக்கு இதெல்லாம் தெரியாது. படம் பிடித்திருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ரிட்லி ஸ்காட் எடுத்த விதமும் அந்தச் சத்தமும் ஆளை நாற்காலியோடு கட்டிப்போட்டுவிடும், எடிட்டிங்குக்கும் ஒலிக்கும் ஆஸ்கர் கிடைத்ததில் ஆச்சரியமே இல்லை. படத்தில் பறக்கிற ஹெலிகாப்டர்கள் அமெரிக்க ராணுவமே கொடுத்தவை, ஓட்டியவர்களும் ராணுவ விமானிகள், படப்பிடிப்பு நடந்தது மொராக்கோவில். ஹாலிவுட்டில் இது பழைய ஏற்பாடு. கதையைப் படித்துப் பார்த்து அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகனுக்குப் பிடித்தால் ஹெலிகாப்டர் வரும், பிடிக்காவிட்டால் வராது. ‘அபோகலிப்ஸ் நவ்’ என்ற வியட்நாம் போர்ப் படத்துக்கு அந்த உதவி கிடைக்கவில்லை, அதனால் அவர்கள் பிலிப்பைன்ஸ் ராணுவத்திடம் ஹெலிகாப்டர் வாடகைக்கு வாங்கி எடுத்தார்கள், உள்நாட்டில் கிளர்ச்சிக்காரர்களோடு சண்டை வந்தபோது படப்பிடிப்பின் நடுவிலேயே அவை பறந்து போய்விட்டன.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஷா ஆலமில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் ஜாகா (காவலாளி) வேலையில் ஒரு மலாய்க்காரர் இருந்தார், ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், நான் அபாங் (அண்ணன்) என்றுதான் கூப்பிடுவேன். இரவு ஷிப்ட் முடிந்து மழைக்காக கார்ட் ரூமில் ஒதுங்கியபோது இந்தப் படத்தைப் பற்றி ஏதோ பேச்சு வந்தது. “நான் அங்கேதான் இருந்தேன் அடிக் (தம்பி)” என்றார். நான் நம்பாத மாதிரிப் பார்த்திருக்க வேண்டும், உடனே பர்ஸில் இருந்து ஐ.நா. அமைதிப் படையின் நீலத் தொப்பி போட்ட ஒரு பழைய போட்டோவை எடுத்துக் காட்டினார்.

1993 அக்டோபர் 3 பிற்பகலில், சோமாலிய ஆயுதக் குழுத் தலைவர் ஐதீதின் ஆட்களைப் பிடிக்க அமெரிக்கச் சிறப்புப் படையினர் மொகாடிஷு நகரத்துக்குள் இறங்கினார்கள். ஒரு மணி நேரத்தில் முடியும் என்று நினைத்த வேலை. இரண்டு பிளாக் ஹாக் ஹெலிகாப்டர்கள் சுட்டு வீழ்த்தப்பட்டன, உள்ளே போனவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அவர்களை வெளியே கொண்டுவர அமெரிக்கர்களிடம் தேவையான கவச வண்டிகள் இல்லை. நள்ளிரவு நெருங்கும்போது துறைமுகத்தில் இருந்து ஒரு அணி கிளம்பியது, பாகிஸ்தானின் டாங்கிகளும் மலேசியாவின் கொன்டோர் கவச வண்டிகளும் சேர்ந்து. வண்டியை ஓட்டியதும் மேலே துப்பாக்கியில் நின்றதும் எங்கள் ஆட்கள், உள்ளே உட்கார்ந்தது அமெரிக்கக் காலாட்படை.

அந்த இடமாற்றத்தைத்தான் அபாங் திரும்பத் திரும்பச் சொன்னார். அமெரிக்கர்களுக்கு இடம் வேண்டும் என்பதற்காக வண்டிக்குள் இருந்த மலேசிய வீரர்களை இறங்கச் சொல்லிவிட்டார்கள். அவரும் இறங்கினவர்களில் ஒருவர். “எங்கள் வண்டி, எங்கள் டிரைவர், எங்களை மட்டும் தரையில் நிற்க வைத்துவிட்டுப் போனது.” விடிய விடிய ரேடியோ பக்கத்திலேயே இருந்திருக்கிறார்கள். திரும்பி வந்த வண்டியைக் கழுவியதும் இவர்கள்தான். தரைத் தகட்டில் ரத்தம் காய்ந்து போயிருந்ததாம், பூட்ஸ் தடம் அப்படியே இருந்ததாம், தண்ணீர் ஊற்றினால் போகாமல் தூரிகை போட்டுத் தேய்த்தார்களாம். யாருடைய ரத்தம் என்று கேட்டேன். தெரியாது என்றார், எல்லோரும் அதே வண்டியில்தான் வந்தார்கள் என்றார்.

அன்று இறந்த எங்கள் வீரர் மாட் அஸ்னான் அவாங். அவர் இருந்த கொன்டோர் மீது ராக்கெட் குண்டு பட்டது. அபாங் அந்தப் பெயரைச் சொல்லும்போது குரல் மாறியது. இவ்வளவு பெரிய படத்தில் அந்தப் பெயர் ஒரு தடவைகூட வரவில்லையே என்று கேட்டார், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பாகிஸ்தானியர்களுக்கும் இதே கோபம் உண்டு, பாகிஸ்தானின் முன்னாள் அதிபர் முஷாரஃப் தன் சுயசரிதையிலேயே அதை எழுதியிருக்கிறார்.

இதோடு நின்றிருந்தால் இது ஒரு மலேசியனின் மனக்குறை, அவ்வளவுதான். ஆனால் அப்புறம் ஒரு சோமாலியப் பையனோடு பழக்கமானது. சைபர்ஜெயாவில் படித்துக்கொண்டிருந்தான், கோலாலம்பூர் பக்கம் சோமாலிய மாணவர்கள் நிறைய இருப்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். நான் தங்கியிருந்த வீட்டில் ஒரு அறையை வாடகைக்கு எடுத்திருந்தான். மொகாடிஷுக்காரன் என்றதும் நான் அந்தப் படத்தைக் கேட்டுவிட்டேன். அவன் அம்மா வீட்டுக்குள் அந்தப் படத்தைப் போடவே விடமாட்டாராம். அவன் மலேசியா வந்த பிறகுதான் முழுதாகப் பார்த்திருக்கிறான். “இதில் ஒரு சோமாலிய முகமும் இல்லை அண்ணே, ஊரும் எங்கள் ஊர் இல்லை” என்றான், வீட்டில் எல்லோரும் என்னைக் கூப்பிடுவது போலவே அவனும் அண்ணே என்றுதான் கூப்பிடுவான்.

அவன் சொன்னதில் என்னை ரொம்பப் பாதித்தது ஹெலிகாப்டர் பற்றியது. சண்டைக்கு முன்னால் வாரக்கணக்கில் இரவும் பகலும் அவை வீடுகளுக்கு மேலே ரொம்பத் தாழ்வாகப் பறக்கும், அந்தக் காற்றில் தகரக் கூரை பிய்த்துக்கொண்டு போகும், சந்தையில் கடைகள் சரியும், பெண்கள் போட்டிருக்கும் துணியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவார்கள். அவன் பாட்டி வீட்டுக் கூரையை இரண்டாம் முறை மாட்டவே இல்லையாம், பாயைப் போட்டு மூடிக்கொண்டு இருந்தார்களாம். படத்தில் அதே ஹெலிகாப்டர்கள் கடற்கரை மேல் வரிசையாகப் பறக்கும் காட்சி எவ்வளவு அழகாக இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நாம் அதை மேலிருந்தே பார்க்கிறோம்.

ஜூலை 12 பற்றியும் அவன்தான் முதலில் சொன்னான், பிறகு நானே தேடிப் படித்தேன். 1993 ஜூலை 12 அன்று மொகாடிஷுவில் ஒரு வீட்டில் குலப் பெரியவர்கள் கூடியிருந்தபோது அமெரிக்க ஹெலிகாப்டர்கள் ஏவுகணை வீசித் தாக்கின. செஞ்சிலுவைச் சங்கக் கணக்கில் 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சமாதானம் பேசத்தான் கூடினார்கள் என்று சோமாலியர்கள் இன்றும் சொல்கிறார்கள். அதைப் படம் எடுக்கப் போன வெளிநாட்டுப் பத்திரிகையாளர்கள் 4 பேரைக் கோபத்தில் இருந்த கூட்டம் அடித்தே கொன்றது, அதுவும் கொடுமைதான். ஐதீதைப் பிடிக்காத சோமாலியர்கள்கூட அன்றோடு அமெரிக்கர்களுக்கு எதிராகத் திரும்பினார்கள் என்றான்.

இப்போது படத்தின் தொடக்கத்தில் ஓடும் எழுத்துகளைப் பாருங்கள். பஞ்சம் வருகிறது, ஐதீது வருகிறார், பாகிஸ்தான் வீரர்கள் 24 பேர் கொல்லப்பட்ட ஜூன் மாதம் வருகிறது. அதிலிருந்து நேராக ஆகஸ்ட். ஜூலை இல்லை. ஒரு மாதத்தை எடுத்துவிட்டால் என்ன ஆகிறது என்றால், அக்டோபரில் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் அந்த ஆயிரக்கணக்கான பேருக்கும் காரணமே இல்லாமல் போகிறது. வெறி பிடித்தவர்கள் போல ஓடி வந்து விழுகிறார்கள். முடிவில் 1000க்கும் மேற்பட்ட சோமாலியர்கள் இறந்தார்கள் என்று படமே எழுதிக் காட்டுகிறது, அது வரைக்கும் நேர்மைதான், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதே வரியில் வரும் 19 அமெரிக்கர்களுக்குப் பெயர் இருக்கிறது, சில நாள் கழித்து முகாமில் குண்டு விழுந்து இறந்தவரையும் சேர்த்து. மற்ற 1000 பேருக்கு எண்ணிக்கை மட்டும்.

அதற்குப் பிறகு எந்த அமெரிக்கப் போர்ப் படம் பார்த்தாலும் கதை எந்தத் தேதியில் ஆரம்பிக்கிறது என்றுதான் முதலில் கவனிப்பேன். ‘அமெரிக்கன் ஸ்னைப்பர்’ நாயகன் டிவியில் 2001இல் நியூயார்க் இரட்டைக் கோபுரங்கள் இடிவதைப் பார்க்கிறான், கொஞ்ச நேரத்தில் ஈராக்கில் நிற்கிறான். 2003இல் எதற்காக அந்த நாட்டுக்குள் போனார்கள், பேரழிவு ஆயுதம் இருக்கிறது என்றார்களே, அது கிடைக்கவே இல்லையே, அதெல்லாம் எங்கே? படம் பொய் சொல்கிறது என்று யாரும் நிரூபிக்க முடியாது, இரண்டு காட்சியைப் பக்கத்தில் வைத்ததோடு சரி. வியட்நாம் படங்கள் இந்த விஷயத்தில் கொஞ்சம் மேல், தங்கள் ராணுவத்தையே கேள்வி கேட்கின்றன, ஆனாலும் காயம் எப்போதும் ஊர் திரும்பிய அமெரிக்கனுடையதுதான். எங்கள் திரெங்கானு கடற்கரைக்கு எதிரே பூலாவ் பிடோங் தீவு இருக்கிறது, 1978 முதல் 1991 வரை ஏறக்குறைய 250,000 வியட்நாமியர்கள் படகில் வந்து தங்கிப்போன இடம். அந்தப் போரின் மிச்சத்தை நாங்கள் பார்த்தது அங்கேதான், எந்தத் திரையிலும் இல்லை.

2023இல் ‘மால்பட்: மிசி பகாரா’ வந்தது, எங்கள் படையைப் பற்றி நாங்களே எடுத்த படம். அபாங் குடும்பத்தோடு போய்ப் பார்த்தார், மாட் அஸ்னான் பெயர் ஊர் முழுக்கத் தெரிந்தது, அவருக்கு 30 வருடப் பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. எனக்கும் சந்தோஷம்தான், அது சேர வேண்டிய மரியாதை. சோமாலியப் பையன் இப்போது வேலை கிடைத்து துருக்கியில் இருக்கிறான், அவனும் பார்த்துவிட்டு எனக்கு வாய்ஸ் அனுப்பினான். உங்கள் ஆட்கள் நல்லவர்கள், அம்மாகூட மலேசிய ராணுவத்தைப் பற்றித் தப்பாகச் சொன்னதில்லை என்று ஆரம்பித்தான். “ஆனால் அண்ணே, இந்தப் படத்திலும் என் ஊர் சண்டை போடுகிற இடம் மட்டும்தான்.” இதை அபாங்கிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அவன் சொல்வது சரி, அவர்கள் கதையை அவர்கள் எடுக்கட்டும், நான் முதல் டிக்கெட் வாங்குகிறேன் என்றார்.

உங்களில் குவைத், ஈராக் அமெரிக்க முகாம்களில் சமையல், சலவை, லாரி வேலைக்குப் போய் வந்தவர்கள் கட்டாயம் இருப்பீர்கள். 2004இல் ஈராக்கில் நேபாளத் தொழிலாளர்கள் 12 பேரைப் பிடித்துக் கொன்றார்களே, அந்த மாதிரி வேலைக்குப் போனவர்களை நான் பார்த்த எந்தப் போர்ப் படத்திலும் ஆளாகக் காட்டியதில்லை. நீங்கள் அங்கே பார்த்ததை எழுதுங்கள், பெரிய சம்பவமாக இருக்க வேண்டும் என்றில்லை, யார் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார்கள், சைரன் அடித்தால் உங்களை எந்தப் பக்கம் ஓடச் சொன்னார்கள், அந்த அளவுக்குக்கூடப் போதும்.