மைக்ரோட்ரெமர்: வகுப்புக்கு ஒரு சொல் வேண்டும்

கோவை, பொறியியல் ஆசிரியை:

குழுமத்தாருக்கு வணக்கம். தமிழ்வழியில் குடிசார் பொறியியல் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு குறிப்பு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். மைக்ரோட்ரெமர் என்ற சொல்லில் வந்து நின்றுவிட்டேன்.

விஷயம் இதுதான். நிலம் ஒரு நொடிகூடச் சும்மா இருப்பதில்லை. கடலலை, காற்று, லாரி, ரயில், ஆலை இயந்திரம் எல்லாம் அதை அசைத்துக்கொண்டே இருக்கின்றன. அசைவு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும். மூன்று திசையிலும் அசைவைப் பதியும் கருவியைத் தரையில் ஊன்றி, ரசமட்டம் பார்த்து, பக்கத்தில் யாரும் நடமாடாமல் அரைமணி நேரம் விட்டால் போதும். நிறமாலை என்பது எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு அசைவு என்று காட்டும் வரைபடம். கிடை அசைவின் நிறமாலையைச் செங்குத்து அசைவின் நிறமாலையால் வகுத்து வரைந்தால், ஏதோ ஓர் அதிர்வெண்ணில் முகடு எழும். மேலே மென்மண், அடியில் கெட்டிப் பாறை என்று இருக்கும் இடத்தில் அந்த முகட்டைக்கொண்டு ஆழத்தைக் கணக்கிடலாம். குறுக்கலையின், அதாவது தான் போகும் திசைக்குக் குறுக்கே மண்ணை அசைக்கும் அலையின், வேகத்தை முகட்டு அதிர்வெண்ணின் நான்கு மடங்கால் வகுக்கவேண்டும். மண்ணில் குறுக்கலை நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் போகிறது, முகடு 2 ஹெர்ட்ஸில் இருக்கிறது என்றால், 200ஐ 8ஆல் வகுக்க 25 மீட்டர். துளை போடாமலே பாறை எங்கே என்று தெரிந்துவிடுகிறது! ஜப்பானில் 1971இல் நொகோஷி, இகராஷி என்ற ஆய்வாளர்கள் தொடங்கியதை 1989இல் நகமுரா பரவலாக்கினார்.

‘நுண்ணதிர்வு’ என்று எழுதி வைத்திருக்கிறேன். இதையே ‘ஆம்பியன்ட் நாய்ஸ்’ என்றும் சொல்வார்கள், அதைச் ‘சூழல் இரைச்சல்’ என்றேன். பிள்ளைகள் அதை ஹாரன் சத்தம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். என்ன செய்யலாம்?

ஹைதராபாத், நில இயற்பியலாளர்:

நுண்ணதிர்வு நல்ல சொல்தான் அம்மா, ஆனால் அதற்கு ஏற்கெனவே சுமை அதிகம். மைக்ரோட்ரெமர், மைக்ரோசெய்ஸம், மைக்ரோ எர்த்குவேக் மூன்றையும் அப்படித்தான் எழுதிவருகிறோம். மூன்றாவது, பாறைப் பிளவில் நிகழும் உண்மையான சிறு நிலநடுக்கம். அது ஒரு கணத்தில் தொடங்கி முடிந்துவிடும். இரண்டாவது கடலலை எழுப்புவது, பல நொடிக்கு ஒருமுறை மெல்ல அசைவது. உங்களுக்கு வேண்டியது எப்போதும் இருப்பது. சிறியது என்பதைவிட ஓயாதது என்பதே அதன் அடையாளம். எனவே ‘ஓயா அதிர்வு’ என்று சொல்லிப்பாருங்கள். சிறு நிலநடுக்கத்துக்கு ‘நுண்நடுக்கம்’ என்று தனியாக வைத்துக்கொள்ளலாம்.

தஞ்சை, தமிழாசிரியர்:

அதிர்வு ஒன்று, நடுக்கம் வேறு என்று ஐயா பிரிப்பது இலக்கணத்துக்கு ஒவ்வாது. ‘அதிர்வும் விதிர்ப்பும் நடுக்கம் செய்யும்’ என்று உரியியலில் தொல்காப்பியர் இரண்டையும் ஒரே பொருளில் வைத்துவிட்டார். ஆனால் அதே நூற்பா நமக்கு ஒரு சொல்லைக் கையில் தருகிறது. விதிர்ப்பு! அதிர்வு ஓசையோடும் வருவது. முரசு அதிரும், இடி அதிரும். விதிர்ப்பு ஓசையின்றி உடம்புக்குள் ஓடுவது. ‘மெய்தான் அரும்பி விதிர்விதிர்த்து’ என்கிறார் மாணிக்கவாசகர். நிலத்தின் மெய்யில் ஓடுவதும் அதுவே. ‘நிலவிதிர்ப்பு’ என்று ஆளலாம்.

இரைச்சலையும் விட்டுவிடுங்கள். ‘கம்பலை சும்மை கலியே அழுங்கல்’ நான்கும் அரவப் பொருள என்பதும் அதே உரியியல்தான். கம்பலை என்பதற்கு நடுக்கம் என்ற பொருளும் அகராதியில் உண்டு. ஓசை, நடுக்கம் இரண்டையும் தாங்கும் சொல் வேறு எந்த மொழியில் இப்படி ஆயத்தமாக இருக்கிறது? ‘நிலக்கம்பலை’ என்பது என் இரண்டாவது முன்மொழிவு.

சென்னை, மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, நடுக்கம் என்ற பொருளில் வரும் கம்பலையில் இருப்பது பூகம்பத்தில் இருக்கும் கம்பம்தான், வடசொல். தூய்மை பார்த்துத்தானே பூகம்பத்தை விட்டு நிலநடுக்கத்துக்கு வந்தோம்?

தஞ்சை, தமிழாசிரியர்:

ஓசைப்பொருளில் வரும் கம்பலை தனித்தமிழ். இரண்டு வேர்கள் ஓர் உருவில் சந்தித்திருக்கின்றன. கம் என்னும் ஒலிக்குறிப்பிலிருந்து கம்பலை, கம்முதல் என்று விரித்து எழுத முடியும். இரவு அனுப்புகிறேன்.

ரொறன்ரோ, ஓய்வுபெற்ற பௌதிக ஆசிரியர்:

வேரைப் பிறகு பார்ப்போம் ஐயா. அந்த முகடு ஏன் எழுகிறது என்பதைப் பிள்ளைகளுக்கு எந்தச் சொல்லால் விளங்கப்படுத்தப் போகிறீர்கள்? 1985 செப்டெம்பர் 19இல் மெக்சிகோ நகரத்தில் நடந்ததைக் கட்டாயம் சொல்லிக்கொடுக்க வேண்டும். நடுக்கத்தின் மையம் 350 கிலோமீட்டருக்கு அப்பால், பசிபிக் கரையில். ஆனாலும் பழைய ஏரிப்படுகையின் களிமண்ணில் நின்ற கட்டடங்கள் சரிந்தன. அந்தக் களியில் குறுக்கலை நொடிக்கு 75 மீட்டர் அளவில்தான் போகும். 40 மீட்டர் தடிப்பு என்று வைத்தால், அது ஆடும் காலம் இரண்டு நொடிக்குச் சற்று மேல். வந்த அலையிலும் அதே காலம் மிகுந்திருந்தது. ஏறத்தாழ ஆறு முதல் பதினைந்து மாடி வரையானவை அதிகம் அடிபட்டன. நாங்கள் யாழ்ப்பாணத்தில் இதைப் ‘பரிவு’ என்று படித்தோம். ஒன்றின் அசைவுக்கு மற்றொன்று பரிந்து ஆடுகிறது. தமிழ்நாட்டு நூல்களில் ‘ஒத்ததிர்வு’. நீங்கள் அதிர்வெண் என்பதை நாங்கள் மீடிறன் என்போம். குறிப்பில் இரண்டையும் போட்டால் எங்கள் பிள்ளைகளும் வாசிப்பார்கள்.

சென்னை, மொழிபெயர்ப்பாளர்:

பரிவு என்றால் இங்கே இரக்கம் என்றுதான் படும். அழகான சொல், மறுக்கவில்லை. தேர்வுத்தாளில் குழப்பம் வரும்.

கோவை, பொறியியல் ஆசிரியை:

எல்லாருக்கும் நன்றி. இன்று வகுப்பில் மூன்று சொற்களையும் விளக்கம் எதுவும் சொல்லாமல் பலகையில் எழுதினேன். நிலவிதிர்ப்பு என்றதும் விதைப்பு சம்பந்தமானதா என்று ஒரு மாணவி கேட்டாள். கம்பலையை யாரும் தொடவில்லை. ஓயா அதிர்வைப் பார்த்ததும் கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன், “அப்படின்னா ராத்திரியும் இருக்குமா மேடம்?” என்றான். அந்தக் கேள்வியோடு பாடம் தானாக நகர்ந்தது. இரவில் ஊர் அடங்கினாலும் கடல் அடங்காது. ஒரு ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரும்பாலும் கடலும் காற்றும், மேலே பெரும்பாலும் மனிதர்கள் என்று சொல்ல வழி கிடைத்தது.

இன்னொரு கேள்வி. சம்மட்டியால் இரும்புத் தகட்டை அடித்து அலை எழுப்புவது ஒரு முறை. எதையும் அடிக்காமல் இருப்பதைப் பதிவது நம் முறை. இந்த ‘பாஸிவ்’ என்பதற்குச் ‘செயலறு முறை’ என்று போடலாமா?

ஹைதராபாத், நில இயற்பியலாளர்:

வேண்டாம் அம்மா. கருவி வேலை செய்யவில்லை என்று ஒலிக்கிறது. ‘தூண்டா முறை’ என்றால், அடிப்பது ‘தூண்டு முறை’ ஆகிவிடும். ஜோடியாக நிற்கும்.

இரைச்சல் பற்றி நான் உறுதியாகச் சொல்வேன், இந்தப் பாடத்தில் அந்தச் சொல்லே வரக்கூடாது. நிலநடுக்கத்தைப் பதிபவருக்கு அது இடைஞ்சல், அதனால் அவர் இரைச்சல் என்றார். நமக்கு அதுவே தகவல். 1957இல் ஜப்பானிய நிலநடுக்க ஆய்வாளர் கெய்தி அகி பல கருவிகளைப் பரப்பிவைத்து, அவற்றின் பதிவுகளுக்குள் இருக்கும் ஒற்றுமையிலிருந்தே அலைவேகத்தை எடுக்கலாம் என்று காட்டினார். ஊரின் நடமாட்டமும் இதில் அப்படியே பதிகிறது. 2020 ஊரடங்கில் உலகம் முழுக்கப் பல நிலையங்களில் உயர் அதிர்வெண் பகுதி பாதிவரை அடங்கிப்போனது. ‘பின்னணி அதிர்வு’ என்று எழுதுங்கள், போதும்.

தஞ்சை, தமிழாசிரியர்:

‘ஓயா’ எதிர்மறைப் பெயரெச்சம். ஓயாக் கடல், ஓயாத் தொல்லை என்று எதற்கு முன்னும் நிற்கும் அடைமொழியை வைத்து ஒரு துறைச்சொல் ஆக்குவது வறுமை. விதிர்ப்பு விளங்கவில்லை என்றால் விளக்குவதுதானே ஆசிரியர் வேலை? அதிர்வெண்ணும் ஒருநாள் புதுச்சொல்தான்.

கோவை, பொறியியல் ஆசிரியை:

உண்மைதான் ஐயா. ஆனால் ஒரே பருவத்தில் அவர்களுக்கு எத்தனையோ புதுச்சொற்கள். தெரிந்த இரண்டு சொல்லைச் சேர்த்தால் ஒரு சுமை குறையும். ‘ஓயா அதிர்வு’, ‘பின்னணி அதிர்வு’, ‘தூண்டா முறை’ என்று போட்டு, முதல் இடத்தில் மட்டும் மைக்ரோட்ரெமர் என்பதையும் தமிழ் எழுத்திலேயே சேர்த்து அனுப்புகிறேன். ஒத்ததிர்வுக்குப் பக்கத்தில் பரிவும் இருக்கும், ரொறன்ரோ ஐயாவுக்காக மட்டுமல்ல, எனக்கும் பிடித்திருக்கிறது.

சென்னை, மொழிபெயர்ப்பாளர்:

எனக்குச் சம்மதம். நுண்ணதிர்வை அடியோடு விட்டுவிட வேண்டாம், ஏற்கெனவே அச்சில் அதைப் பார்த்தவர்கள் தேடுவார்கள்.

தஞ்சை, தமிழாசிரியர்:

பெரும்பான்மை அப்படியென்றால் சரி. என் மறுப்பைப் பதிவில் வையுங்கள். கம்பலையின் வேர் பற்றிய மடலைத் தனி இழையில் போடுகிறேன்.